22 நிமிடத்தில் வெடிக்கும் சூரியன்

ஜூன் 3, செவ்வாய்

சமையலறையை ஒழித்துவிட்டு, சின்னவளைத் தூங்க வைத்து நிமிர்ந்தால் மணி பத்தேகால், பதினொன்றுக்கெல்லாம் கண் சொருகிவிடும். இந்த இடைவெளியில் கதையுள்ள கேம் எதை ஆடுவது? கடைசியாக ஆடியது குதிரையேறிப் போகும் பெரிய கேம் ஒன்று. மிஷன் நடுவில் சேவ் செய்ய விடாது, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் யாரை எதற்குத் துரத்துகிறோம் என்பதே மறந்திருக்கும். கதை நன்றாகத்தான் இருந்தது, யார் இல்லை என்றது! தம்பி சொன்னானே என்று இன்று அவுட்டர் வைல்ட்ஸ் இறக்கினேன். 2019-ல் வந்தது.

ஜூன் 5, வியாழன்

ஒரு குட்டிச் சூரியக் குடும்பம், நமக்கென்று ஓர் ஓட்டை விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் போய்விடும், கண் திறந்தால் பழையபடி அதே நெருப்பின் பக்கத்தில் படுத்திருப்போம். துப்பாக்கி இல்லை, லெவல் ஏற்றுவது இல்லை. கையில் மிஞ்சுவது நாம் தெரிந்துகொண்ட விஷயம் மட்டும்தான், அதையும் கலத்தில் இருக்கும் லாக் என்ற குறிப்பேடு தானே எழுதி வைத்துக்கொள்கிறது: எங்கே என்ன படித்தோம், எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி, எல்லாம் கோடு போட்டு இணைத்து. மொத்தம் எத்தனை மணி நேர கேம் என்று பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை என்று தோன்றுகிறது, எங்கே கீழே வைத்தாலும் திரும்ப எடுக்க முடிகிறதா, அதைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

பிரிட்டில் ஹாலோ. உள்ளே கூடாக இருக்கும் கிரகம், நடுவில் கருந்துளை, அதைச் சுற்றும் எரிமலை நிலா நெருப்புக் கல்லாக வீசிக்கொண்டே இருக்கிறது. சுவரில் நொமாய்கள் (முன்பு அங்கே வாழ்ந்த இனம்) சுருள்சுருளாக எழுதி வைத்ததைப் படித்துக்கொண்டிருந்தபோது பாப்பா அழுதாள். பாஸ் போட்டால் நேரமும் நிற்கிறது, அதனால் நிதானமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். வந்து நாலு வரி படிப்பதற்குள் நின்ற தரை பெயர்ந்து கருந்துளைக்குள் போய்ச் சேர்ந்தது, கூடவே நானும்.

ஜூன் 10, செவ்வாய்

குறையும் இருக்கிறது. பாதியில் மூடினால் லாக் மட்டும்தான் தங்கும், மறுநாள் மறுபடி கிளம்பிப் பறந்து போக வேண்டும். ஆஷ் ட்வின் என்ற கிரகத்தில் மணல் இறங்கக் காத்திருப்பதும் சோதனைதான், நெருப்பருகே குட்டித் தூக்கம் போட்டு நேரத்தைத் தள்ளலாம் என்பதால் பிழைத்தோம்.

ஜூன் 12, வியாழன்

ஆடுவது முக்கால் மணி நேரம், மண்டையில் ஓடுவது நாள் முழுக்க. இன்று மீட்டிங்கில் பாதி காதில் விழவில்லை. தம்பி போன் செய்து, "டார்க் பிராம்பிள் போயாச்சா?" என்று சிரிக்கிறான். போகவில்லை. அந்தக் கிரகத்தில் இருக்கும் ராட்சச மீன்களுக்குக் கண் தெரியாது, சத்தம்தான் கேட்கும் என்பது எம்பர் ட்வின் என்ற இன்னொரு கிரகத்தின் குகையில் நொமாய்ப் பிள்ளைகள் ஆடிய கண்ணாமூச்சியிலிருந்து தெரிந்துவிட்டது, ஆகவே எஞ்சினை அணைத்து மிதந்தே கடக்க வேண்டும். அதைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கியாயிற்று, வார நாளில் அந்தப் படபடப்போடு போய்ப் படுத்தால் தூக்கம் வராது.