அப்பாவுக்குக் கரண்ட் வைத்தபோது பட்ட அலைச்சல்

அப்பாவுக்குக் கன்னத்தில் புற்று. ஆபரேஷன் முடிந்ததும் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, 30 சிட்டிங், மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான், முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில். சிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களை நோகடித்தது காப்பீட்டு கவுண்ட்டர், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ரேஷன் கார்டில் அப்பாவுக்கு ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு. கவுண்ட்டரில் இருந்தவர் "பேர் மேட்ச் ஆகலை" என்று ஃபைலைத் திருப்பித் தள்ளினார், அவ்வளவுதான். என்ன கொண்டுவரணும் என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊருக்குப் போய் இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று விஏஓவிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால், பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட் ஜெராக்ஸ் செல்லாது, ஒரிஜினல் வேண்டும் என்கிறார். இதை முதல் தடவையே சொல்லியிருக்கக் கூடாதா? ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் தொடங்கிவிடுவது நல்லது, தள்ளிப்போகப் போக நோய் திரும்பும் பயம் கூடும். கடைசியில் கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் மேற்படிப்பு படிக்கும் ஒரு பிஜி டாக்டரம்மா ஃபைலை வாங்கிக்கொண்டு அவரே கவுண்ட்டருக்கு நடந்தார். மறுநாள் அப்ரூவல் வந்துவிட்டது. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது பல். வாய், தொண்டைப் பக்கம் கரண்ட் வைக்கப்போகிறவர்கள் முதலிலேயே பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். கெட்ட பல்லைப் பிடுங்கினால் புண் ஆற ரெண்டு வாரமாவது விட வேண்டும். கரண்ட் வைத்த தாடையில் அப்புறம் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, கரண்ட் வைக்கும்போது முகத்தில் போடும் மாஸ்குக்கு அச்சு எடுக்கப் போன அன்றுதான் தெரிந்தது. கவுண்ட்டருக்கு அலைந்த நாட்களிலேயே முடித்திருக்கலாம்.

மாஸ்க் என்பது வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலை, முகத்தில் அழுத்தி அச்சு எடுத்து அதையே தினமும் போட்டு மேஜையோடு பூட்டுவார்கள். அப்பா பதறிவிட்டார். டெக்னீஷியன் தம்பி அவசரப்படாமல் அதைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, "முடியலைன்னா கையைத் தூக்குங்கய்யா, கேமராவுல பார்த்துட்டுதான் இருப்பேன், உடனே நிறுத்திடறேன்" என்றார். அப்பா ஒரு நாளும் கையைத் தூக்கவில்லை. நாங்கள் பஸ்ஸில் வருவதைக் கேட்டு எங்கள் நேரத்தையும் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். சோடா உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, காரம் அறவே கிடையாது, கூழ், மோர், அவித்த முட்டை. எடையை விட்டுவிடாதீர்கள், முகம் வற்றினால் மாஸ்க் தொளதொளத்து மறுபடி அச்சு எடுக்க வேண்டி வரும். வலிக்குப் பயந்து நடுவில் நிறுத்தவும் கூடாது. மெஷின் ரிப்பேரான நாளுக்குப் பதிலாகச் சனிக்கிழமை வைப்பீர்களா என்று கேட்டேன், வைத்தார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

ரயிலில் வருகிறவர்கள் துறையிலேயே சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பரில் நோயாளிக்கு முழுச் சலுகை, கூட வருபவர் ஒருவருக்கு 75 சதவீதம். டாக்டர் கையெழுத்தும் சீலும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.