பொலன்னறுவையை ஒரே நாளில் தனி வழிகாட்டியுடன் பார்க்க: சில நடைமுறைக் குறிப்புகள்

இலங்கையின் பழைய தலைநகரான பொலன்னறுவைக்கு ஒரு முழு நாள் வேண்டும். காலையில் சிகிரியாப் பாறைக் கோட்டையில் ஏறி, மதியம் இங்கே வந்து இறங்கும் திட்டத்தை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். சிகிரியாப் படிகளில் களைத்த கால்களோடு நண்பகல் வெயிலில் வந்து சேர்பவர்கள், மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு வாகனத்தின் ஏசிக்குள் ஒதுங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. அரண்மனைப் பகுதியிலிருந்து கல் விகாரை வரை தெற்கு வடக்காகப் பல கிலோமீட்டர் நீளும் நகரம் இது. திவங்க சிலைமனை (புத்தர் சிலை வைத்த கூடம்) அதற்கும் வடக்கே இருக்கிறது.

முதலில் வழிகாட்டி. வாகனச் சாரதியையே வழிகாட்டி என்று சொல்லி விற்பது இங்கே சாதாரணம். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என வகை பிரித்து உரிமம் தருகிறது. படத்தோடு கூடிய அட்டையில் வகையும் காலாவதித் தேதியும் இருக்கும். பேரம் பேசுவதற்கு முன் அதைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஓர் இடத்துக்கு மட்டுமென்றால் உள்ளூர் இட வழிகாட்டியே போதும், பல நேரம் அவரே நல்ல தேர்வும் கூட. தமிழில் விளக்குபவர் வேண்டுமானால் சில நாட்கள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். வாசலில் வந்து தேடினால் சிங்களமும் ஆங்கிலமும் பேசுபவர்களே பெரும்பாலும் கிடைப்பார்கள்.

கூலி பேசும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம், நுழைவுச்சீட்டு அதில் சேர்ந்ததா, வாகனமும் எரிபொருளும் யார் செலவு, வழியில் கடைகளில் நிறுத்துவார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். மரச் சிற்பக் கடை, மாணிக்கக் கடை, மூலிகைத் தோட்டம் என்று இரண்டு இடங்களில் நின்றாலே திவங்க சிலைமனைக்கான நேரம் போய்விடும். “கடைகள் வேண்டாம்” என்று முதலிலேயே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நுழைவுச்சீட்டு ஏரிக்கரையை ஒட்டிய அருங்காட்சியகத்தில் கிடைக்கும். வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். தெற்காசிய ‘சார்க்’ அமைப்பின் நாட்டவருக்கான குறைந்த கட்டணம் அதைக் காட்டினால்தான். மதியம் வெளியே போய்விட்டு அதே சீட்டில் திரும்ப வர முடியுமா என்பதை வாசலில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாளின் திட்டமே அதைப் பொறுத்தது.

உடை விஷயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சிலைமனை, தாதுகோபம் (தூபி), வட்டதாகே என்ற வட்ட வடிவத் தூபி மனை எல்லாவற்றிலும் சப்பாத்தும் தொப்பியும் கழற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் கருங்கல் தளம் பாதத்தைச் சுட்டுவிடும். தடித்த பருத்திக் காலுறை ஒரு சோடி கட்டாயம். மெல்லிய நைலான் உறை போட்டும் போடாததும் ஒன்றுதான். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது கூடாது. காவலர்கள் உடனே விசில் ஊதுவார்கள். உடலில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள், அதற்காகவே பயணிகளைத் திருப்பி அனுப்பிய நாடு இது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பொதியைத் திறந்தபடி நடந்தால் குரங்குகள் பறித்துவிடும். இங்குள்ள செங்குரங்குகளை 1968 முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தக் குரங்குகளுக்கு மனிதர்களிடம் துளியும் பயமில்லை.

பெரும்பாலான வழிகாட்டிகள் அரண்மனையில் தொடங்குவார்கள். அதை மாற்றச் சொல்லுங்கள். அரண்மனையில் சப்பாத்தோடு நடக்கலாம், ஆகவே வெயில் ஏறிய பிறகும் பார்க்கலாம். வெறுங்காலில் நிற்க வேண்டிய தலதா மளுவ என்ற சதுர மேடையை, கல் குளிர்ந்திருக்கும் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். இங்குள்ள வட்டதாகேயின் சந்திரவட்டக்கல்லில் (வாசற்படி முன் உள்ள அரைவட்டச் செதுக்குக் கல்) நந்தி இல்லை என்பதை வழிகாட்டி காட்டுவார். முந்தைய தலைநகரான அனுராதபுரத்துக் கற்களில் யானை, குதிரை, சிங்கம், காளை நான்கும் வரிசையாக வரும். சோழர் ஆட்சிக்குப் பின் காளையைக் காலால் மிதிப்பது பொருந்தாது என்று கருதி விட்டுவிட்டார்கள் என்பது பொதுவான விளக்கம். பக்கத்தில் ‘கல் புத்தகம்’ எனப்படும் கல்பொத்த கல்வெட்டு: சுமார் 8 மீட்டர் நீளம், 25 தொன் எடை. மிகிந்தலையிலிருந்து கொண்டுவரச் செய்ததாக நிசங்க மல்லன் அந்தக் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறான். 1187 முதல் 1196 வரை ஆண்ட அவனுடைய தற்புகழ்ச்சியை இந்த நகரில் எங்கு திரும்பினாலும் வாசிக்கலாம்.

பலரும் கடந்துபோய்விடும் ஒரு கல் இங்கேதான் நிற்கிறது. அட்டதாகே என்ற பழைய கட்டடத்தை ஒட்டியுள்ள, வேளைக்காரர் என்ற தமிழ்ப்படையின் கல்வெட்டு. தொடக்கம் சமஸ்கிருதம், மீதி தமிழ். சோழரை விரட்டி 1070இல் நகரை மீட்ட முதலாம் விஜயபாகு எழுப்பிய, புத்தரின் பல்லை வைத்த தந்ததாதுக் கோயிலை, அவன் மறைவுக்குப் பின் தங்கள் காவலில் ஏற்றுக்கொள்வதாக வேளைக்காரப் படையினர் செய்த உடன்படிக்கை அது. கோயிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று பெயரும் சூட்டினார்கள். புத்தரின் பல்லுக்குத் தமிழ்ப்படை காவல் என்ற செய்தியை இவ்வளவு நேராகச் சொல்லும் சான்று வேறு எங்கே கிடைக்கும்? வழிகாட்டி தானாக நிற்கமாட்டார், நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

மேடைக்குத் தெற்கே இறங்கினால் முதலாம் சிவாலயம், பாண்டியர் பாணி. இங்கே கிடைத்த செப்புத் திருமேனிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பிறகு அரண்மனை. ஏழு மாடி என்று வரலாற்று நூல் சொல்கிறது, இன்று மூன்று மாடிவரையே தடயம். சுவரின் கனம் சுமார் 3 மீட்டர். உத்திரம் செருகிய துளைகளையும், தீயில் உருகிய செங்கல்லையும் பார்த்துக்கொண்டு, எதிரே உள்ள அரசவை மண்டபத்தின் யானை வரிசைக்கு நகருங்கள். குமார பொய்கைக்குப் பத்து நிமிடம் போதும்.

இரண்டாம் சிவாலயம் பிரதான பாதையிலிருந்து கிழக்கே விலகி, பபுலு விகாரைக்கு அப்பால் இருக்கிறது. அதனாலேயே தவறவிடப்படுகிறது. இந்நகரில் இன்று நிற்கும் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. சோழர் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் என்று அழைத்த 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் ராஜேந்திரனின் தாய் பெயரால் வானவன் மாதேவி ஈச்சுரம். மேலே வரை கல்லாலேயே கட்டியதால் செங்கல் கட்டடங்கள் சரிந்தபோதும் இது நிலைத்தது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழுத்து தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல்லாகவே தெரியும். பத்தரை மணிக்குள் போய்ச் சேருங்கள்.

பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரை அருங்காட்சியகமும் சாப்பாடும். கட்டடங்கள் முழுமையாக எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டும் மாதிரிகள் அங்கே உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டுப் போனால் பிற்பகல் இடிபாடுகள் நன்றாகவே புரியும். திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றால் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கல் விகாரைப் பக்கத்து மர நிழலில் இருந்துவிட்டு, அருங்காட்சியகத்தைக் காலையிலோ மாலையிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் லங்காதிலகச் சிலைமனை, கிரி விகாரைத் தூபி, கல் விகாரை. கிரி விகாரையின் பழைய சுண்ணச்சாந்து காட்டுக்குள் நூற்றாண்டுகள் மூடிக்கிடந்தும் உதிரவில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) செதுக்குவித்த கல் விகாரையில் ஒரே பாறையில் நான்கு சிலைகள். அமர்ந்தது 4.6 மீட்டர், நின்றது 7, கிடந்தது 14. நான்காவது சிறு குகைக்குள். கிடந்த சிலையின் பாதங்களைப் பாருங்கள்: மேல் பாதம் சற்றே பின்வாங்கியிருக்கும். தூக்கம் அல்ல, பரிநிர்வாணம் என்பதற்கான அடையாளம் அது. நின்ற சிலை ஆனந்தர் என்று முன்பு சொன்னவர்கள் உண்டு. தாமரைப் பீடத்தை வைத்துப் புத்தர்தான் என்போரே இன்று அதிகம். தூரத்தைக் காட்டி வழிகாட்டி தட்டிக்கழிக்கும் திவங்க சிலைமனைக்கும் போய்விடுங்கள். சுவரோவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. படம் எடுக்க அனுமதி இல்லை.

நேரம் மிஞ்சினால் தெற்கே ஏரிக்கரையில், பாறையில் செதுக்கிய ஆள் உருவமான பொத்குல் சிலை. 3.4 மீட்டர் உயரம், சீட்டுத் தேவையில்லை. கையில் இருப்பது ஏட்டுச்சுவடியா, நுகத்தடியா என்று அறிஞர்கள் வாதிட, பப்பாளித் துண்டு என்று சொல்லி வழிகாட்டிகள் சிரிப்பார்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை வறண்ட காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அடிக்கடி திட்டத்தைக் குலைக்கும். போயா (பௌர்ணமி) தினங்களில் கல் விகாரையில் கூட்டம் அதிகம். ஹபரணைப் பக்கம் திரும்புகிறவர்கள் இருட்டுவதற்குள் புறப்பட வேண்டும். மின்னேரியா தேசியப் பூங்காவை ஒட்டிய சாலையில் மாலையில் யானைகள் குறுக்கே வரும். ரயிலில் வருகிறவர்கள் கவனிக்க: பொலன்னறுவை நிலையம் கதுருவெலவில், பழைய நகரிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து முச்சக்கரவண்டி பிடிக்க வேண்டும்.