கச்சானிலும் மாரியிலும் நரிவால் ஓர்க்கிட்

ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசா எனப்படும் நரிவால் ஓர்க்கிட்டை மண் நிரப்பிய சட்டியில் வைக்காதீர்கள். அதன் தடித்த வேர்களுக்குக் காற்று வேண்டும், மண்ணில் அழுகிவிடும். மாமரத்தின் சொரசொரப்பான கிளையில், காலை வெயில் படும் பக்கமாக, பருத்தித் துணிக் கீற்றால் அசையாமல் கட்டுங்கள். ஆடினால் புது வேர்நுனி உரசிச் சிதைந்து, மரத்தைப் பற்றாது.

குருத்து வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். நிமிர்த்திக் கட்டினால் மார்கழி மழைநீர் அதில் தேங்கி அழுகல் பிடிக்கும். ஒற்றைக் குருத்தை நம்பி வளரும் செடி இது. குருத்துப் போனால் பெரும்பாலும் செடியே போய்விடும். அடியில் தும்பு திணித்தால் ஈரம் தேங்கும், மட்டக்களப்பு மாரிக்கு அதுவும் ஆகாது.

வறண்ட கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் வெள்ளி நிற வேர் பச்சையாகும்வரை காலையில் நனையுங்கள். வாவியோரக் கிணறு உவரென்றால் வேர்நுனி கருகும், மழைநீரே நல்லது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் சம அளவில் உள்ள 20:20:20 உரம் லீற்றர் நீருக்கு 1 கிராம், இரு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

காட்டில் பிடுங்கிய செடியைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு காயில் தூசிபோல எண்ணற்ற விதைகள் இருந்தாலும் அவற்றில் சேமித்த உணவில்லை. பொருத்தமான பூஞ்சை சேர்ந்தால்தான் காட்டில் முளைக்கும். ஆகவே ஒரு தாய்ச்செடி போனால் ஈடுசெய்வது கடினம். ஆய்வுகூடத்தில் விதையிலிருந்து வளர்த்த கன்றையே கேட்டு வாங்குங்கள்.