டைம்ஷீட்டில் ஏறாத மணிகள்

லாஸ் ஏஞ்சலிஸில் பழைய வீடு விற்பவர்கள் பலருக்கும் ஒரு நப்பாசை உண்டு. தங்கள் வீட்டை வரைந்தவர் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் பால் வில்லியம்ஸாக இருந்துவிடக் கூடாதா என்று. விளம்பரத்தில் அந்தப் பெயர் ஏறினால் விலையும் ஏறும். நான் வேலை பார்ப்பது 1920களிலும் 30களிலும் கட்டிய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில். அதனால் யாராவது போன் போட்டு, "எங்கள் வீடு வில்லியம்ஸ் வீடுதானே, பார்த்துச் சொல்லுங்கள்" என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நகரக் கட்டடத் துறை பழைய பெர்மிட்டுகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. மங்கலான படிவம், அவசரக் கையெழுத்து. உரிமையாளர், கான்ட்ராக்டர், எத்தனை அறை, எவ்வளவு மதிப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். ஆர்க்கிடெக்டுக்கும் ஒரு கட்டம். பெரும்பாலும் அதில் வேறு யாராவது பெயர் இருக்கும், அல்லது காலியாக இருக்கும். "வளைந்த மாடிப்படி இருக்கிறதே, அது போதாதா?" என்று ஒரு வீட்டுத் தரகர் என்னிடம் மல்லுக்கு நின்றார். போதாது. அந்தக் காலத்தில் கையில் காசு இருந்தவர்கள் எல்லாரும் வளைந்த மாடிப்படிதான் கேட்டார்கள்.

வில்லியம்ஸ் 1894இல் இதே ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். சின்னஞ்சிறு வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் பறிகொடுத்து, வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தார். பள்ளியில் ஆர்க்கிடெக்ட் ஆகப்போவதாகச் சொன்னதும் ஆசிரியர் வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். வெள்ளைக்காரர்கள் உன்னிடம் வரமாட்டார்கள், உன் மக்களுக்கோ ஆர்க்கிடெக்ட் வைத்துக் கட்டுகிற வசதி இல்லை என்பது அவர் வாதம். அன்றைய நிலவரப்படி அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனாலும் 1921இல் உரிமம் வாங்கினார். 1923இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர்கள் கழகத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். அவர் வரைந்த வீடுகள் மட்டும் 2,000க்கு மேல் என்கிறார்கள்.

அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் முதலில் சொல்வது தலைகீழாக வரைந்த கதையை. ஒரு கறுப்பர் பக்கத்து நாற்காலியில் நெருங்கி உட்காருவதை அன்றைய வெள்ளைக்கார க்ளையன்டுகள் பலர் விரும்பமாட்டார்கள். அதனால் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரிகிற மாதிரி, தனக்குத் தலைகீழாக வரையப் பழகிக்கொண்டார்.

கேட்டவுடன் கைதட்டத் தோன்றும். செய்து பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். பிளான் ஒருமாதிரி வந்துவிடும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சுவர் சுவர்தான். கதவில்தான் முதலில் மாட்டுவோம். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டும் கால்வட்டத்தைக் கை பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். அடுத்தது மாடிப்படி. ஏறும் திசைக்கு அம்புக்குறி போடும்போது எந்தப் பக்கம் மேலே என்று ஒரு கணம் தடுமாறும். அளவு எழுதினால் 6 எது, 9 எது என்று குழம்பும். வீட்டின் முகப்பைத் தலைகீழாக வரைவது இன்னொரு உலகம். கூரையின் சரிவு, தாழ்வாரத்துத் தூண், ஜன்னலுக்குக் கீழே விழும் நிழல், ஒவ்வொன்றும் நம் கை அறிந்த திசைக்கு எதிராக வளர வேண்டும். இவ்வளவையும் பேசிக்கொண்டே, சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும். நான் முகப்பு வரைக்கும் போகாமலேயே நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் ஒன்று புரிந்தது. எதிரில் இருப்பவருக்கு நேராக வீடு எழும்பி வரும்போது அவர் பேனாவைப் பிடுங்காத குறையாக உள்ளே வந்துவிடுகிறார். "சமையலறையை இன்னும் இந்தப் பக்கம் தள்ளலாமா?" என்று விரலை வைக்கிறார். வரைந்து முடித்த தாளை நீட்டும்போது வராத உரிமை அது. வில்லியம்ஸ் இதைத் தீண்டாமையைச் சமாளிக்கும் உபாயமாகத்தான் தொடங்கியிருப்பார். பிறகு அதுவே அவருடைய வியாபார ரகசியங்களில் ஒன்றாகிவிட்டது.

இன்னொரு உபாயத்தை 1937இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாமல் அலுவலகத்துக்குள் வருபவர்கள், ஒரு கறுப்பர் எழுந்து வரவேற்பதைப் பார்த்ததும் உறைந்துபோவார்கள். எப்படி நழுவலாம் என்று அவர்கள் யோசிக்கும்போதே, எவ்வளவு செலவில் கட்டப்போகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்பார். அவர்கள் ஒரு தொகை சொன்னதும், அதைவிடக் கூடிய ஒரு தொகையைச் சொல்லி, அதற்குக் குறைந்த வேலைகளைத் தான் எடுப்பதில்லை என்பார். வந்ததற்கு இரண்டு யோசனை சொல்லி அனுப்புகிறேன் என்று வரைய ஆரம்பிப்பார். மறுக்க வந்தவர் மறுக்கப்பட்டவராகிவிடுவார். பாதிப் பேர் அங்கேயே விழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். விலை பேசத் தெரிந்தவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிப்பார்கள்.

கார் கம்பெனி முதலாளி ஈ. எல். கார்ட் பெவர்லி ஹில்ஸில் மாளிகை கட்ட நினைத்தபோது மற்ற ஆர்க்கிடெக்டுகள் முதல் வரைபடத்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் கேட்டார்கள். வில்லியம்ஸ் மறுநாள் மாலை 4 மணிக்குத் தருகிறேன் என்றார். 22 மணி நேரம் ஒரே இருப்பாக இருந்து வரைந்து கொடுத்து வேலையை வாங்கினார்.

எங்கள் அலுவலகத்தில் நாள் முடிவில் டைம்ஷீட் போடாமல் கிளம்ப முடியாது. எந்த வேலைக்கு எத்தனை மணி, கால் மணிக் கணக்கில். க்ளையன்ட் மீட்டிங்குக்கு ஒரு கோடு, சைட்டுக்கு ஒரு கோடு. வில்லியம்ஸின் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோடுகள்தான் ஞாபகம் வருகின்றன. தலைகீழாக வரையப் பழகிய ராத்திரிகளை அவர் எந்த க்ளையன்டின் பில்லில் ஏற்றியிருப்பார்? சைட்டில் நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாராம், எதிரில் வருபவர் கைகுலுக்கலாமா வேண்டாமா என்று சங்கடப்படக் கூடாது என்பதற்காக. எந்தக் கோட்டில் எழுதுவது இதை? சக வெள்ளை ஆர்க்கிடெக்ட் அந்த நேரத்தில் தூங்கினார், அல்லது கோல்ஃப் ஆடினார். வில்லியம்ஸின் சாமர்த்தியத்தை மெச்சுகிற கட்டுரைகளில் இந்தச் செலவுக் கணக்கு வருவதில்லை. அவற்றை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதற்கு இதுதான் காரணம்.

எனக்கும் ஒரு துளி அனுபவம் உண்டு, ஒப்பிடத் தகுந்ததில்லை. ஒரு வீட்டில் உணவு மேஜையில் பிளானை விரித்து, எந்தச் சுவரை இடிக்கலாம், எதை இடித்தால் மாடி கீழே வரும் என்று நான் விளக்கி முடித்ததும், வீட்டுக்காரர் அன்பாகக் காபி கொடுத்துக்கொண்டே, "ஆர்க்கிடெக்ட் எப்போது வருவார்?" என்று கேட்டார். நான் வந்தாயிற்று என்றேன். காபி நன்றாக இருந்தது.

வீட்டு வேலை எடுக்கும்போது நாங்கள் படித்தே ஆகவேண்டிய இன்னொரு காகிதம் டைட்டில் ரிப்போர்ட். நிலத்தில் யாருக்கு வழி உரிமை, சாக்கடைக் குழாய் எங்கே போகிறது, எவ்வளவு இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1920களில் மனை பிரித்து விற்ற பகுதிகளில், பழைய நிபந்தனைகள் வரும் இடத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: இனம், நிறம் சார்ந்த நிபந்தனைகள் ஏதேனும் இருந்தால் அவை இங்கே விலக்கப்பட்டுள்ளன என்று. மூலப் பத்திரத்தைத் தேடி எடுத்தால் விலக்கப்பட்டது என்னவென்று தெரியும். வெள்ளையர் அல்லாதவர் இந்த மனையை வாங்கவோ குடியிருக்கவோ கூடாது, வீட்டு வேலைக்காரர்களாகத் தங்கினால் தவிர. நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு பாடகர் நாட் கிங் கோல் இந்த ஊரின் ஹான்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கியபோது அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். வில்லியம்ஸ் அதற்கு முன்பே சுமார் 25 வருஷங்களாக இப்படிப்பட்ட தெருக்களுக்கு வீடு வரைந்துகொண்டிருந்தார். பகலில் மாளிகைக்குக் கோடு போட்டுவிட்டு, மாலையில் தன் இனத்தாருக்கு அனுமதி உள்ள பகுதியில் இருக்கும் சின்ன வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி அந்த 1937 கட்டுரையில் எழுதியிருக்கிறார். தனக்கென்று ஒரு வீட்டை வரைந்து லஃபாயெட் ஸ்கொயரில் குடிபோனது 1952இல். அப்போது அவருக்கு வயது 58.

சரி, வீடுகள் எப்படி? ஸ்பானிஷ், டியூடர், ஜார்ஜியன், பிறகு நவீனம், கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார் என்று அவரைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தவர்கள் உண்டு. சொந்தப் பாணி இல்லையாம். எனக்கு அது அபத்தமாகப் படுகிறது. எதிரில் இருப்பவர் எந்த நிமிஷமும் எழுந்து போய்விடக்கூடிய மேஜையில் உட்கார்ந்து வரைந்தவர், பிடித்தால் எடு, இல்லாவிட்டால் விடு என்று பேச முடியாது. தவிர, பாணி முகப்பில்தான் இருக்க வேண்டுமா? உள்ளே நடந்து பார்க்க வேண்டும். வாசல் கூடத்தில் நின்றாலே பின்தோட்டத்தின் பச்சை தெரியும். கூடத்தின் ஓரமாக மாடிப்படி வளைந்து ஏறும். வளைந்த படி பார்க்க அழகு, ஏறும்போது காலை வாரும். உள்பக்கம் படி குறுகிவிடுவதுதான் காரணம். இன்றைய விதிப்படி குறுகிய முனையிலிருந்து ஓர் அடி தள்ளி 10 அங்குல அகலமும், அந்த முனையிலேயே 6 அங்குலமும் இருக்க வேண்டும். அவருடைய படிகளில் கீழே பார்க்காமல் இறங்கலாம்.

மாளிகைகளையே பேசிக்கொண்டிருப்பதும் சரியில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் புவெப்லோ டெல் ரியோ பொதுக் குடியிருப்பில் தலைமைக் கட்டடக்கலைஞர் அவர்தான். லாஸ் வேகாஸில் கறுப்பினக் குடும்பங்களுக்கென 1954இல் தொடங்கிய பெர்க்லி ஸ்கொயரின் 148 வீடுகள் அவருடைய வடிவமைப்பு. சிறிய வீடு பற்றிப் புத்தகங்களே எழுதினார். இவற்றைத் தேடி எந்தத் தரகரும் எனக்குப் போன் செய்ததில்லை. மாறாக, லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் பறக்கும் தட்டு போல நிற்கும் கட்டடத்தை அவர் தனியாக வரைந்ததாகப் பலர் சொல்கிறார்கள். அது பல நிறுவனங்கள் கூடிச் செய்த வேலை.

1980இல் இறந்தார். கட்டடக்கலைஞர்கள் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது 2017இல். 1992 லாஸ் ஏஞ்சலிஸ் கலவரத்தில் ஒரு வங்கி எரிந்தபோது அவருடைய ஆவணங்கள் எல்லாம் போய்விட்டன என்றே தொழிலில் பலர் நம்பிக்கொண்டிருந்தோம். வரைபடங்கள் வேறிடத்தில், குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்திருக்கின்றன. 2020இல் கெட்டி (Getty) கலை ஆய்வு நிறுவனமும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை வாங்கின. சுமார் 35,000 பிளான்கள், 10,000 மூல வரைபடங்கள். மாடிப்படி டீட்டெயில்களை மட்டும் பார்க்க ஒரு வாரம் லீவு போடலாம் என்றிருக்கிறேன்.

க்ளையன்டுக்கு எதிரில் உட்கார்ந்து தலைகீழாகப் போட்ட ஸ்கெட்சுகள் அதில் அதிகம் இருக்காது என்பது என் ஊகம். அந்த மாதிரித் தாளை க்ளையன்ட் கையோடு வாங்கிக்கொண்டு போய்விடுவார், வீட்டில் காட்ட வேண்டும் என்று. எங்கள் மேஜையிலும் அப்படித்தான், இப்போது போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.