ஒரே ஒரு 'ஹெச்': மதுரையிலிருந்து லிஸ்பன் போய் வந்த கதை

கத்தோலிக்க இளைஞர்கள் திருத்தந்தையோடு கூடும் அடுத்த உலக இளையோர் தினம் 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை சியோலில் என்று தேதி வந்ததிலிருந்து எங்கள் பங்கில் இருக்கும் பிள்ளைகள் விடுவதில்லை. "அக்கா, நீங்க லிஸ்பன் போனீங்கள்ல, என்னென்ன பேப்பர் கேட்டாங்க?" போன தடவை, 2023இல், அது போர்ச்சுகலின் லிஸ்பனில் நடந்தது, நான் போயிருந்தேன். ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். பதிவு செய்வது, பணம் கட்டுவது, அழைப்புக் கடிதம் வாங்குவது எல்லாம் குழுவோடு போனால் தானாக நடந்துவிடும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் சொல்ல வந்தது பெயர் சமாச்சாரம். அப்பா பெயரில் ஒரு எழுத்து, ஆங்கில 'ஹெச்', அது எனக்கு இரண்டு மாதத் தூக்கத்தைக் கெடுத்தது.

என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஆன்டனி, 'டி'க்குப் பிறகு நேராக 'ஓ'. ஆதாரிலும் அப்படித்தான். ஆனால் பேங்க் பாஸ்புக்கில் 'டி'க்குப் பக்கத்தில் ஒரு 'ஹெச்' உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூறுகளில் கணக்கு தொடங்கியபோது எழுதிய கிளார்க் சேர்த்தது. அந்தப் பாஸ்புக்கை வைத்து எடுத்ததால் பான் கார்டிலும் 'ஹெச்'. அப்பாவுக்கு இது தெரியாது. அவர் கையெழுத்துப் போடுவது தமிழில், 'அந்தோணி' என்று. தமிழில் எங்கே இருக்கிறது இந்த 'ஹெச்'?

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். என் சம்பளத்தை வைத்து ஐரோப்பா போக விசா தரமாட்டார்கள், அதனால் செலவை அப்பா ஏற்கிறார் என்று காட்டவேண்டும், அவருடைய ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும், மூன்று வருட வருமான வரிக் கணக்கு வேண்டும். அதோடு நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம். கடைக்கு லெட்டர்பேட் கிடையாது, பில் புத்தகம் மட்டும்தான். அண்ணாச்சியிடம் போய் நின்றபோது அவர் முதலில் காலண்டரைப் பார்த்தார். "ஜூலை கடைசியில மூணு வாரமா? ஏம்மா, ஆடித் தள்ளுபடி நேரத்துல?" நியாயமான கேள்விதான். ஆனாலும் பில் புத்தகம் அச்சடிக்கும் பிரஸ்ஸிலேயே நூறு லெட்டர்பேட் அடித்துக் கொடுத்தார். மிச்சம் தொண்ணூற்றொன்பது இன்னும் கல்லாவுக்குக் கீழே கிடக்கிறது.

2023 மே கடைசி. பதினான்கு பேர் கொண்ட குழுவில் கைரேகை வைக்க ஒவ்வொருவரும் நேரில் போகவேண்டும். எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஒரே நாளில் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. பாண்டியனில் ஏறி, விடிகாலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலிலேயே முகம் கழுவி, விசா மையத்தின் வாசலில் எட்டரைக்கெல்லாம் நின்றோம். முதல் அடி போட்டோவுக்கு. ஊரில் எடுத்த ஸ்டுடியோக்காரர் பாசமாக என் முகத்தை மூன்று ஷேடு வெளுத்து, கன்னத்தை வேறு வழவழப்பாக்கி வைத்திருந்தார். கவுன்டரில் இருந்த பெண் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது வேலைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். அங்கேயே தனிக் காசு கட்டி எடுத்தேன். ஸ்டுடியோவில் எடுப்பவர்கள் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கை வைக்காதீர்கள் என்று மூன்றையும் சொல்லி எடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்.

இரண்டாவது அடிதான் பெரியது. ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்த அந்தப் பெண்ணின் விரல் அப்பா பெயரில் நின்றது. "இது வேற, இது வேற. இவர் உங்க அப்பாதானா?" என்றார். நான் ஆமாம் என்றேன். "நீங்க சொன்னா போதாது, ரெண்டும் ஒரே ஆள்னு பேப்பர் வேணும். இப்படியே குடுத்தா ரிஜெக்ட் ஆக சான்ஸ் இருக்கு." பயந்துபோய் ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். கவுன்டரில் இருப்பவர்கள் விசா தருகிறவர்கள் இல்லை, பேப்பரை வாங்கி அனுப்புகிறவர்கள். ஒரு பேப்பர் குறைந்தால், குறைகிறது என்று தெரிந்தே கொடுக்கிறேன் என எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். கூட வந்த தம்பி ஒருவன் ஏதோ ஒரு சான்று இல்லாமல் அப்படித்தான் கொடுத்தான், அவனுக்கு விசா வந்தது. எனக்கு இது ஊருக்குத் திரும்பிய பிறகு ஃபாதர் சொல்லித்தான் தெரியும். "ஏம்மா ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றார். போனைத்தான் உள்ளே விடவில்லையே, லாக்கரில் அல்லவா இருந்தது.

மறுநாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். பெயரில் ஒரு எழுத்தை எடுக்கவேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அங்கிருந்த அதிகாரி ஆதாரையும் பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல ஹெச் இல்ல, இதுல ஹெச் இருக்கு, நான் எதை நம்புறது?" என்று கேட்டார். முதலில் பானைத் திருத்தி வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். சரி, பெயர் வேண்டாம், ஸ்டேட்மென்ட்டில் சீல் வைத்தாவது கொடுங்கள் என்றால், சீல் வைக்கிறவர் லீவு. அன்றைக்கு இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் வந்தார், சீல் மை வறண்டிருந்தது. அப்பா வெளியே போய் ஒரு மைப்பெட்டி வாங்கி வந்து மேசையில் வைத்தார். பேங்குக்கு எங்கள் வீட்டு உபயம்.

பானைத் திருத்திக்கொண்டிருக்க நேரம் இல்லை. எனவே நோட்டரி. கோர்ட் பக்கம் மரத்தடியில் டைப் அடிப்பவரிடம் இருபது ரூபாய் பத்திரம் வாங்கிக் கொடுத்து, 'ஹெச்' உள்ளவரும் 'ஹெச்' இல்லாதவரும் ஒருவரே என்று அடிக்கச் சொன்னோம். அப்பா அன்றைக்கு ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். பேனாவை இறுக்கிப் பிடித்து, கோடு போட்ட நோட்டில் எழுதுகிற பையன் மாதிரி, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு 'அந்தோணி' என்று போட்டார். வக்கீல் சீல் குத்தினார். எல்லாம் முடிந்து எதிர்க்கடையில் டீ குடிக்கும்போது சும்மா எடுத்துப் படித்துப் பார்க்கிறேன், இரண்டு இடத்திலும் 'ஹெச்' இல்லாமல் அடித்து வைத்திருக்கிறார்! அதாவது ஆன்டனியும் ஆன்டனியும் ஒருவரே என்று இருபது ரூபாய் பத்திரத்தில் சத்தியப் பிரமாணம். அப்பா சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. திரும்பப் போய் இன்னொரு பத்திரம், இன்னொரு சீல். தயவுசெய்து சீல் குத்துவதற்கு முன்னாலேயே எழுத்து எழுத்தாகப் படித்துவிடுங்கள்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஜூன் 20க்குத்தான் கிடைத்தது. இந்தத் தடவை ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டார்கள், அந்தப் பத்திரத்தை யாரும் இரண்டாம் முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போர்ச்சுகலுக்கு வாங்கவேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவானது. அதற்கு வழக்கமாகப் பதினைந்து நாள், இழுத்தால் நாற்பத்தைந்து நாள் வரை போகலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், நாங்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. எங்கள் டிக்கெட் ஜூலை 24க்கு. ஜூலை 26 முதல் 31 வரை போர்ச்சுகல் முழுக்க மறைமாவட்டங்களில் வீடு வீடாகத் தங்கவைக்கும் நாட்கள் இருந்தன. லிஸ்பனில் நடக்கும் பெரிய கூட்டத்தைவிட அதுதான் இனிமை என்று முன்பு போனவர்கள் சொல்லியிருந்தார்கள். 24 வந்தது, போனது, பாஸ்போர்ட் வரவில்லை. எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தந்த ஏஜென்ட் விசா வருவதற்கு முன்பே முழுப் பணம் வாங்கி உறுதி செய்துவிட்டிருந்தார், தேதி மாற்ற ஆளுக்குப் பதினெட்டாயிரம் தண்டம். விசாவுக்குத் தேவை ரிசர்வேஷன் மட்டும்தான், காசு கட்டிய டிக்கெட் இல்லை. யார் அவசரப்படுத்தினாலும் கட்டாதீர்கள். இன்ஷூரன்ஸ் மட்டும் முன்னாலேயே எடுத்தாகவேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு.

27ஆம் தேதி மத்தியானம் கூரியர் வந்தது. பதினான்கு பேரில் பதினொரு பேருக்குக் கிடைத்தது. கிடைக்காத மூவரில் ஒருத்தி என்னோடு முதல் நாள் எழும்பூரில் முகம் கழுவியவள், அவள் பேப்பரில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. என்ன காரணமோ. அவளை ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்காமல் வந்தாள்.

சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து லிஸ்பன். முதல் விமானம் நாலு மணி நேரம், இரண்டாவது எட்டு. துபாயில் நடுராத்திரி காத்துக்கிடந்தபோதுதான் எங்கள் குழு அண்ணன் ஒருவர் என் பையைப் பார்த்து, "உள்ள என்ன?" என்றார். தங்க இடம் கொடுப்பவர்களுக்காக அம்மா கொடுத்துவிட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஒரு கிலோ. வெளியிலிருந்து பாலில் செய்ததையும் இறைச்சியையும் ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோகக் கூடாதாம். எனக்கு அது அதுவரை தெரியாது. தூக்கிப் போட மனசு வருமா? அந்த ராத்திரியில் கேட் பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து பதினொரு பேரும் ஸ்பூன் இல்லாமல் விரலாலேயே தின்று தீர்த்தோம். பக்கத்தில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பத்துக்கும் கொடுத்தோம். முறுக்கு, கருவேப்பிலைப் பொடி எல்லாம் பிரச்சினை இல்லாமல் வந்தது. அந்தப் பொடிதான் பிறகு என்னைக் காப்பாற்றியது, ரொட்டியில் தூவித் தின்றே ஒரு வாரம் ஓட்டினேன்.

லிஸ்பன் இமிக்ரேஷனில் அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட் இரண்டையும் கேட்டார்கள். பெட்டியில் போட்டவர்கள் முழித்தார்கள். கைப்பையில் வையுங்கள்.

தங்கியது ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில், தரையில். எல்லாரிடமும் ஸ்லீப்பிங் பேக், என்னிடம் ஜமுக்காளம். பகலில் வெயில் நம்மூர் மாதிரிதான், இதென்ன பெரிய குளிர் என்று இருந்துவிட்டேன். ஆகஸ்ட் 5 ராத்திரி திருவிழிப்புக்கு, அதாவது மறுநாள் திருப்பலிக்கு முந்தின ராத்திரி ஜெபத்துக்கு, தேஜு ஆற்றோரம் பெரிய திடலில் வெட்டவெளியில் படுக்கவேண்டும். கடைசிக் கிலோமீட்டர்கள் எல்லாம் நடைதான், புதுச் செருப்பு போட்டுப் போனவள் கதி என்னவென்று கேட்காதீர்கள். பதினைந்து லட்சம் பேர் என்று அறிவித்தார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும்போது வைகைக் கரையில் நின்ற எனக்கே கண்ணைக் கட்டியது. ஆற்றுக்காற்றில் ஜமுக்காளம் நனைந்து கனத்துவிட்டது, பக்கத்தில் படுத்திருந்த போலந்துப் பெண்கள் தங்கள் பிளாஸ்டிக் ஷீட்டில் பாதியைக் கொடுத்தார்கள். காலையில் கண் விழித்தால் மேடையில் ஒரு பாதிரியார் டிஜே பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார், உண்மையாகவே பாதிரியார். அப்புறம் திருப்பலி, அதன் முடிவில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் அடுத்தது சியோல் என்று சொன்னார்.

பள்ளியில் எங்களைக் கவனித்துக்கொண்ட வயதான அம்மாவுக்கு மதுரை எங்கே என்று தெரியவில்லை. அந்த ஆண்டு விழாவுக்குப் பாதுகாவலர்களாகப் புனிதர்கள், அருளாளர்கள் என்று பதின்மூன்று பேரை வைத்திருந்தார்கள், அந்தப் படத்தில் ஜுவாவ் தெ பிரித்தோவைக் காட்டி, இவர் எங்கள் ஊர்ப்பக்கம்தான் வேலை செய்தார் என்றேன். 1647இல் அதே லிஸ்பனில் பிறந்தவர், 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர், நமக்கு அருளானந்தர். அந்த அம்மா அந்தப் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், 'ழ', 'ள' தகராறு இல்லாமல் நன்றாகவே சொன்னார். ஒரு எழுத்து என்ன, முழுப் பெயரையே மாற்றிக்கொண்ட மனுஷர், யாரும் அவரிடம் இருபது ரூபாய் பத்திரம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அல்ஃபாமா பக்கம் அந்தோணியார் கோயிலுக்குப் போனோம். பதுவை அந்தோணியார் என்று நாம் சொன்னாலும் அவர் பிறந்தது லிஸ்பனில், அங்கே பதுவை என்று சொன்னால் முறைக்கிறார்கள். வழிகாட்டிப் பலகையில் அவர் பெயர் எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தேன். 'டி'க்குப் பிறகு நேராக 'ஓ'. 'ஹெச்' இல்லை. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். இந்தியாவில் அப்போது ராத்திரி பத்து மணி இருக்கும், உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"பாப்பா, இதப் பெருசா பிரின்ட் போட்டு எடுத்துட்டு வா. பேங்க்ல அந்தத் தம்பிக்குக் காட்டணும்."

பிரின்ட் போட்டேன், கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்தோம். அந்தத் தம்பி டிரான்ஸ்ஃபர் ஆகிப் போய்விட்டார். பாஸ்புக்கில் 'ஹெச்' அப்படியேதான் இருக்கிறது, பான் திருத்தத்துக்குப் போன மாதம்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.