சுக்கினி காய்த்துத் தள்ளும்போது

இரண்டு நாள் தோட்டத்துப் பக்கம் போகாவிட்டால் போதும், இலைக்கடியில் கை நீளத்துக்கு ஒரு சுக்கினி (வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் பூசணி வகைக் காய்) படுத்திருக்கும். அதனால் 15 முதல் 20 சென்டிமீட்டரிலேயே பறித்துவிடுங்கள், அப்போதுதான் தோலும் விதையும் மென்மையாக இருக்கும், ருசியும் அதில்தான். முற்ற விட்டால் செடி புதுக் காய் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஓய்வு வேண்டுமென்றால் அதுவும் ஒரு வழி, எனக்கு மனசு வராது.

மிஞ்சியதைத் துருவி, துணியில் கட்டி நன்றாகப் பிழிந்து, ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைக்கிறேன். காயில் சுமார் 95 சதவீதம் தண்ணீர், பிழியாமல் வைத்தால் உருகும்போது எல்லாம் நீர்த்துவிடும்.

அப்புறம், கசக்கிற காயைத் துப்பிவிட்டு அப்படியே தூக்கிப் போடுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுதான் அந்தக் கசப்பு, வேகவைத்தாலும் போகாது. அந்தச் செடியில் காய்த்த மற்றதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.