கணக்கு சரியாக வந்தால்தான் பறக்கும்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963இல் நம் விமானப்படைக்கு வந்தவை. அன்று தொலைக்காட்சியில் பேசியவர்கள் பெரும்பாலும் விமானிகள். அது நியாயம்தான், உயிரைப் பணயம் வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த விமானத்தோடு அதிக நேரம் கிடந்தவர்கள் தரையில் இருந்த நாங்கள். தாம்பரத்தில் பயிற்சி முடித்து, மிக்-21 ஸ்குவாட்ரனில் (விமானப்படைப் பிரிவில்) இன்ஜினைப் பராமரிக்கும் ஃபிட்டராக இருந்தவன் நான்.

விடியுமுன், விமானங்கள் நிற்கும் டார்மாக்கில் வேலை தொடங்கிவிடும். மூடிகளைக் கழற்றுவது, டயர் பார்ப்பது, வால்பகுதியில் பாராசூட் சரியாக ஏற்றியிருக்கிறதா என்று பார்ப்பது. மிக்-21இன் பிரேக் அழுத்தப்பட்ட காற்றில் இயங்குவது. காற்று குறைந்தால் தரையிறங்கியபின் வண்டி நிற்காது. எரிபொருள் லாரியான பவ்சர் வந்தால் குழாயைத் தொடுவதற்கு முன் எர்த் கம்பி மாட்ட வேண்டும். எல்லாம் சலிப்பூட்டும் வேலைகள். சலிப்பு வரும் இடத்தில்தான் கை தவறும் என்பதால் ஒவ்வொன்றையும் ஒருவர் செய்ய, முக்கியமானவற்றை இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பார். எவ்வளவு நெருங்கிய நண்பன் செய்ததாக இருந்தாலும் நம்பக் கூடாது. அதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இந்த விமானத்தின் மூக்குதான் இன்ஜினுக்குக் காற்று போகும் வாய். ஓடும்போது முன்னால் தொப்பியோ பேனாவோ எதுவும் இருக்கக் கூடாது, ஆளும்தான். 1991இல் ஓர் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் தரைப்பணியாளர் ஒருவரை இன்ஜின் உள்ளே இழுத்துவிட்டது. அவர் பிழைத்தது அதிசயம். விமானியைக் காப்பாற்றும் வெளியேற்று இருக்கையும் அப்படித்தான், உள்ளே வெடிமருந்து. சிவப்பு நாடா தொங்கும் பாதுகாப்பு ஊசிகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் காக்பிட்டுக்குள் தலையை நீட்டுபவனை எங்கள் பிரிவில் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இருந்தாலும், நாங்கள் அதிகம் பயந்தது இன்ஜினுக்கோ இருக்கைக்கோ அல்ல, எங்கள் சொந்தக் கருவிகளுக்குத்தான். ஒன்றுகூட விமானத்துக்குள் தங்கிவிடாதபடி, வேலைக்கு முன் எண்ணி எடுத்து, முடிந்ததும் எண்ணி வைக்க வேண்டும். ஸ்பேனர்களில் பெட்டியின் எண் பொறித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரில் மாட்டும் முனையான பிட் போன்ற பொடிகளில் பொறிக்க இடமிருக்காது.

ஒரு மாலை, இரவுப் பயிற்சிக்குத் தயாராகும்போது எலக்ட்ரிக்கல் பையன் ஒருவன் தானாகவே வந்து பிட் ஒன்று குறைகிறது என்றான். முகம் வெளுத்திருந்தது. எங்கள் வாரண்ட் ஆபீசர் கோட்டயத்துக்காரர், சாதாரணமாகச் சத்தம் போடுகிறவர். அன்று போடவில்லை. எந்தெந்த இடத்தில் கை வைத்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டு, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700இல் ஸ்னாக், அதாவது குறை என்று எழுதி விமானத்தை நிறுத்தினார். பறக்க உடையணிந்து நின்ற விமானி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பதவியில் அவர் எங்களைவிட எவ்வளவோ மேலே. ஆனால் பிட் கிடைத்து, கையெழுத்தும் விழாமல் அந்தப் பதிவை யாராலும் நீக்க முடியாது. படைக்குள் நான் கண்ட ஒரே ஜனநாயகம் இதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

டார்ச், காந்தம், கண்ணாடி எல்லாம் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. இருக்கையைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்கு ஆயுதப் பிரிவினர் வந்து பாதுகாப்பாக்கித் தர வேண்டும். நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த பிட், விமானி விமானத்தைத் திருப்பப் பிடிக்கும் ஸ்டிக்கின் அடியில், இணைப்புத் தண்டுகளின் பக்கத்தில் கிடந்தது. மேலே ஒரு திருப்பத்தில் அது நகர்ந்து சிக்கியிருந்தால் விமானியால் ஸ்டிக்கை அசைக்க முடியாமல் போயிருக்கும்.

பையனுக்குத் தண்டனை வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வாரண்ட் ஆபீசர் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சொல்லாமல் கடைத்தெருவில் ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டிருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டார். இவனைத் தண்டித்தால் அடுத்தவன் அதைத்தான் செய்வான் என்றார். பதில் சொல்ல ஆளில்லை. மறுநாள் அந்தப் பையனுக்குக் கொடுத்த வேலை, பிட் பெட்டிக்குள் தடித்த ஸ்பாஞ்ச் போட்டு ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் குழி வெட்டுவது. அதற்குப் பிறகு எண்ணவே வேண்டியதில்லை, பெட்டியைத் திறந்தாலே காலிக்குழி கண்ணில் படும். இருந்தும் எண்ணச் சொன்னார்.